மகாவலி பிறக்கும் மலையில் ஒரு பகல்

நடப்பது எமது பெண்களுக்குப் பழகிப்போன ஒன்று. 2006ஆம் ஆண்டில் சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கின் ஏனைய கிராமங்களிலிருந்தும் ஈச்சிலம்பற்றுக்கும், அங்கிருந்து வாகரைக்கும், வாகரையிலிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் நடந்த பெண்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மூதூர் நகரிலிருந்து கந்தளாய் நோக்கி நடந்த முஸ்லிம் சகோதரிகளும் இருக்கிறார்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, தலையில் ஒரு மூட்டை. போய்ச் சேரும் இடமும் தெரியாது, திரும்பி வரும் நாளும் தெரியாது. சம்பூர் மக்களில் பலர் கிளிவெட்டி முகாமிலும் பிற இடங்களிலும் தங்கியிருந்து, 2015ஆம் ஆண்டுக்குப் பின்னரே தமது காணிகளில் கால் வைத்தார்கள்.

யுத்தம் முடிந்த பிறகும் நடை நிற்கவில்லை. பிரதேச செயலகத்துக்கு, வைத்தியசாலைக்கு, நீதிமன்றத்துக்கு, ஆணைக்குழுக்களுக்கு, கடன் கட்டும் கூட்டத்துக்கு, தண்ணீருக்கு, விறகுக்கு என்று நடந்துகொண்டே இருக்கிறோம். சமூகவியல் படித்த காலத்தில் 'பெண்களின் நடமாட்டம்' என்று ஒரு பாடப்பரப்பு எமக்கு இருந்தது. ஒரு பெண் ஒரு வாரத்தில் எங்கெங்கே போகிறாள், யாருக்காகப் போகிறாள், யாரிடம் கேட்டுப் போகிறாள் என்று அட்டவணை போடுவோம். பின்னர் கிராமங்களில் வேலை செய்யும்போது அதே அட்டவணையைப் பெண்களோடு சேர்ந்து போட்டிருக்கிறேன். 'தனக்காக' என்ற நிரல் அநேகமாக வெறுமையாகவே இருக்கும்.

அந்த வெறுமையான நிரலைப் பற்றிய பேச்சிலிருந்துதான் எங்களது பயணம் தொடங்கியது. நான் பணிபுரியும் பகுதியில் ஒரு சிறுசேமிப்புக் குழுவில் 21 பெண்கள் இருக்கிறார்கள். தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் கலந்த குழு. பெரும்பாலானோர் கணவரை இழந்தவர்கள், அல்லது கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்கள். "ஒரு நாளைக்கு ஒரு வேலையும் இல்லாமல் எங்கயாவது போக வேணும் என்றால் எங்க போவீங்க?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். கோயில், தர்கா என்று சிலர் சொன்னார்கள். ஒரு மூத்த அம்மா மட்டும், "எங்கட கங்கை எங்கேருந்து வருதெண்டு பாக்க வேணும் பிள்ளை" என்றார்.

மகாவலியை எங்கள் பக்கத்தில் 'கங்கை' என்றுதான் சொல்வது வழக்கம். 335 கிலோமீற்றர் ஓடி வந்து, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் அது கடலோடு கலக்கிறது. அதன் ஒரு கிளை வெருகலாறாகப் பிரிந்து போகிறது. எமது வயல், எமது மீன், எமது வெள்ளம் எல்லாம் அந்த ஆற்றோடுதான். அது பிறக்கும் மலைகளில் ஒன்று நுவரெலியா மாவட்டத்தில் உள்ள ஹோர்ட்டன் சமவெளி. அங்கே போவதென்று முடிவாயிற்று. ஒரு வருடம் சிறிது சிறிதாகக் காசு சேர்த்தார்கள்.

எதிர்ப்பும் வந்தது. "தாலி இல்லாதவளுக்கு மலை பாக்கிற ஆசையோ" என்று ஒரு சகோதரியின் மாமியார் கேட்டார். "உதவி எடுக்கிற ஆட்களுக்குச் சுற்றுலாவா?" என்று ஓர் அலுவலர் சிரித்தார். அதற்குக் குழுவின் தலைவி சொன்ன பதில், "உதவிக் காசில இல்ல ஐயா, எங்கட காசில." ஓய்வுக்கும் இளைப்பாறலுக்கும் எல்லோருக்கும் உரிமை உண்டென்று 1948ஆம் ஆண்டின் மனித உரிமைகள் உலகப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை கூறுகிறது. பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் கலாசார வாழ்விலும் பங்குகொள்ளும் பெண்களின் உரிமையை, இலங்கை 1981இல் ஏற்றுறுதி செய்த சீடோ சமவாயத்தின் 13ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆனால் எமது ஊரில் ஒரு பெண் சும்மா ஓர் இடத்துக்குப் போய் வருவதற்கு இன்னும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை வாடகை பஸ்ஸில் புறப்பட்டோம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி வழியாக இரவு நுவரெலியா போய்ச் சேர்ந்தோம். ஒரு சமூக மண்டபத்தில் தங்கினோம். கடற்கரை வெக்கையில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் குளிர் பெரிய சோதனைதான். ஆளுக்கு இரண்டு சுவெற்றர் போட்டும் யாரும் சரியாக நித்திரை கொள்ளவில்லை. விடிய நாலரைக்கெல்லாம் எல்லோரும் பஸ்ஸில்.

நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகச் சமவெளிக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பட்டிப்பொல புகையிரத நிலையம் இலங்கையிலேயே மிக உயரமான இடத்தில் உள்ள நிலையம். கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரம். சமவெளி அதற்கும் மேலே, 2,100 மீற்றருக்கு மேல் இருக்கிறது. சிங்களத்தில் இதன் பழைய பெயர் 'மஹா எலிய'. 1831 முதல் 1837 வரை இலங்கையில் ஆளுநராக இருந்த ஹோர்ட்டனின் பெயரை ஆங்கிலேயர் இதற்கு வைத்தார்கள். 1988இல் இது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பரப்பு 3,160 ஹெக்டேயர். 2010இல் சிவனொளிபாத மலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

நடை தொடங்கும் வாசலில் உத்தியோகத்தர்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். 'செக்கிங்' என்ற சொல்லைக் கேட்டதும் பெண்கள் தாமாகவே வரிசையாக நின்று, பையைத் திறந்து, கையில் அடையாள அட்டையோடு காத்திருந்தார்கள். சிலரது முகம் இறுகிப் போயிற்று. உத்தியோகத்தரான இளம் பெண்ணோ அடையாள அட்டையைப் பார்க்கவேயில்லை. அவர் தேடியது பொலித்தீன். பிஸ்கட் உறைகளைப் பிரித்தெடுத்து, பிஸ்கட்டைக் கடதாசிப் பையில் போட்டுத் திருப்பித் தந்தார். பொலித்தீனைத் தின்று மரைகள் செத்துப் போவதால்தான் இந்த ஏற்பாடு என்று விளங்கப்படுத்தினேன். "மரைக்காகவா செக்கிங்?" என்று ஒரு ராத்தா கேட்டார். அதன் பிறகு அன்று முழுவதும் அது எங்களுக்குப் பகிடியாயிற்று.

சுற்றுப் பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். புல்வெளியில் தொடங்கி, காட்டுக்குள் புகுந்து, 'சின்ன உலக முடிவு', 'உலக முடிவு' என்ற இரு மலை விளிம்புகளைத் தொட்டு, பேக்கர் நீர்வீழ்ச்சி வழியாகவும் 'சிம்னிக் குளம்' என்ற சிறிய மலைக் குளத்தின் வழியாகவும் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விடும். ஷெல்லடியில் காலை இழந்து செயற்கைக் காலோடு நடக்கும் சகோதரி ஒருவர் எம்மோடு வந்திருந்தார். முழுச் சுற்றும் தனக்குக் கூடாது என்று அவரே முடிவு செய்தார். இன்னும் இருவரோடு எதிர்த் திசையில் நேராகக் குளத்துக்குப் போய், அங்கே எங்களுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார்.

முதலில் வருவது புல்வெளி. பாடசாலைப் புவியியல் புத்தகத்தில் 'ஈரப் பத்தனை' என்று படித்தது இதைத்தான். ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கும் 'பத்தனை' என்ற ஊர்ப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். மலைப் புல்நிலத்தைக் குறிக்கும் சொல்தான் அது. காலை வெயில் படும்போது புல்லின் நுனியெல்லாம் பனி மின்னியது. ஓடைக் கரைகளில் இடுப்பளவு உயரமே உள்ள குட்டை மூங்கில் அடர்ந்து நிற்கிறது. நடுநடுவே சிவப்புப் பூக்கும் ரொடொடென்ட்ரன் மரங்கள் தனித்தனியாக நிற்கின்றன. சிங்களத்தில் அதற்கு 'மஹரத்மல்' என்று பெயர். தூரத்தில் மரைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

பாதையை விட்டுப் புல்லில் இறங்க வேண்டாம் என்று ஓர் அறிவித்தல் பலகை சொல்கிறது. அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு சகோதரி நின்றுவிட்டார். "மிஸ், இங்கயும் மிதிவெடி இருக்கா?" என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மீள்குடியேறிய காலத்தில் மிதிவெடி அபாயக் கல்வி வகுப்புகளில் எமது பெண்கள் படித்த முதற் பாடமே, தெரிந்த பாதையை விட்டு இறங்காதே என்பதுதான். சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் வந்த அடியிலேயே திரும்ப வேண்டும். புல் உயரமாக வளர்ந்த இடமென்றால் யாரும் போகாத இடம், யாரும் போகாத இடமென்றால் ஆபத்தான இடம். இத்தனை வருடம் கழித்தும் கால் அதை மறக்கவில்லை.

புல்லைக் காப்பதற்காகத்தான் இந்தப் பலகை என்று சொன்னேன். மிதிபட்ட இடத்தில் மண் அரித்துப் போகும், இந்தக் குளிரில் புல் திரும்ப முளைக்கக் காலம் எடுக்கும் என்றும் சொன்னேன். 1960களில் இந்தச் சமவெளியின் ஒரு பகுதியில் விதை உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். இயற்கைக்கு அது தந்த காயம் ஆற நெடுங்காலம் எடுத்தது. வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவரப்பட்ட மஞ்சள் பூ முட்செடியொன்றும் பரவியிருக்கிறது. பூங்காப் பணியாளர்கள் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எரிக்கிறார்கள். "அப்ப நிலத்துக்கும் மீள்குடியேற்றம் லேசில வராது" என்றார் அந்தச் சகோதரி. பிறகு பாதையோரத்தில் குந்தி, பலகை அனுமதித்த எல்லையில் இருந்தபடியே, கையை மட்டும் நீட்டிப் பனி படிந்த புல்லைத் தடவிப் பார்த்தார்.

புல்வெளி முடிந்ததும் காடு தொடங்குகிறது. எங்கள் பக்கத்துப் பாலையும் வீரையும் போல் நெடிதுயர்ந்த மரங்கள் இங்கே இல்லை. காற்றுக்கு வளைந்து, குடை விரித்தாற்போல் தலை தட்டையாகிய குட்டை மரங்கள். கிளைகளில் பாசி தாடி போல் தொங்குகிறது. மேகம் வந்து மோதும் காடு இது. இலையிலும் பாசியிலும் மேகத்தின் ஈரம் ஒட்டி, சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குகிறது. மழை பெய்யாத நாளிலும் இக்காடு நீர் சேர்க்கிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் தலைநீர் தருவது இந்தச் சமவெளியே. கீழே புதராக நெலுச் செடிகள் நிற்கின்றன. எமது இலக்கியங்கள் சொல்லும் குறிஞ்சியின் உறவுச் செடி அது. அதில் சில இனங்கள் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். மூக்கில் சிறு கொம்புள்ள ஓணான் ஒன்றையும் ஒரு மரத்தில் கண்டோம். இலங்கையின் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை.

'உலக முடிவு' விளிம்பில் மலை ஒரேயடியாக 800 மீற்றருக்கும் மேல் கீழே இறங்குகிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே முக்கால். அதற்கு முன்னரே மூடுபனி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. முன்னால் வெறும் வெள்ளை. "இந்த வெள்ளையைப் பாக்கவோ ஒரு வருசம் காசு சேர்த்தனாங்கள்" என்று சிரித்தார்கள். வந்திருந்த வேறு சிலர் படம் எடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். எங்களுடைய மூத்த அம்மா மட்டும் பாறையில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். "இருப்பம் பிள்ளை. காத்திருக்கிறது எங்களுக்குத் தெரியாத வேலையோ?" என்றார். அவருடைய மகன் 2007ஆம் ஆண்டிலிருந்து காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்.

அரை மணித்தியாலம் அளவில் காத்திருந்தோம். பிறகு காற்று திரும்பியது. திரை விலகுவது போலப் பனி விலகி, மிகக் கீழே தேயிலைத் தோட்டமும், லயன் வரிசைகளும், தொலைவில் ஒரு நீர்ப்பரப்பின் பளபளப்பும் தெரிந்தன. ஐந்து நிமிடம் இருக்கும். யாரும் பேசவில்லை. மறுபடி மூடிக்கொண்டது. எழுந்து திரும்பும்போது பாறை ஈரத்தில் மூத்த அம்மாவின் செருப்பு வழுக்கியது. பக்கத்தில் நின்ற ஒரு சிங்களப் பெண் சட்டென்று அவரது கையைப் பிடித்து, "அம்மே, பரிஸ்ஸமின்" என்றார். மேடு இறங்கும் வரை அந்தக் கையை இருவரும் விடவில்லை.

அங்கிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் பாதை போகிறது. ஏறக்குறைய 20 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர் பெலிஹுல் ஓயாவினுடையது. அதே ஓடைதான் சிம்னிக் குளத்திலும் தேங்கி நிற்கிறது. "இதுவா எங்கட கங்கை?" என்று எல்லோரும் ஆவலோடு கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். இந்த ஓடை தெற்கே போய் வளவையோடு சேர்ந்து, அம்பாந்தோட்டை மாவட்டத்தில் கடலில் விழுகிறது. மேட்டுக்கு மறுபுறம் விழும் மழைதான் மகாவலியாகி எங்களிடம் வருகிறது. மழை ஒன்று, மேகம் ஒன்று. இடையில் ஒரு மேடு இருப்பதால் ஒரு துளி அம்பலாந்தோட்டைக்குப் போகிறது, பக்கத்துத் துளி மூதூருக்கு வருகிறது. "அப்ப அவையளும் நாங்களும் ஒரே வாளித் தண்ணி" என்று ஒரு ராத்தா சொன்னார்.

சிம்னிக் குளம் பெரிய ஏரியல்ல. எமது கந்தளாய்க் குளத்தைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு கேணியளவுதான். புல்வெளி மேடுகளுக்கு நடுவே, வானத்தை அப்படியே தாங்கி, ஆடாமல் அசையாமல் கிடக்கும் கறுத்த நீர். அதன் ஓரமாகப் பாதையருகே செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு, வெயிலில் கால் நீட்டி அந்தச் சகோதரி உட்கார்ந்திருந்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகச் சும்மா இருந்திருக்கிறார். "என்ன செய்தீங்க அக்கா?" என்றேன். "ஒண்டும் செய்யேல்ல. போனும் வேலை செய்யேல்ல. லோன்காரரும் கூப்பிடேல்ல" என்றார். சமவெளியில் பல இடங்களில் சிக்னல் கிடைப்பதில்லை. நுண்கடன் தவணைக்காக வாரந்தோறும் வரும் அழைப்புகளை அறிந்தவர்களுக்கு அந்த மௌனத்தின் பெறுமதி தெரியும். கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தையும் சம்பலையும் வாழையிலையில் வைத்து, எல்லோரும் அந்தக் குளத்தைப் பார்த்தபடி சாப்பிட்டோம்.

பகல் பன்னிரண்டரைக்குத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தோம். ஐந்தே முக்கால் மணித்தியாலம். வேகமாக நடப்பவர்கள் மூன்று மணித்தியாலத்தில் முடிப்பார்களாம். முஸ்லிம் சகோதரிகள் ஒதுக்கிடமொன்றில் லுஹர் தொழுதார்கள். மற்றவர்கள் பஸ்ஸுக்குப் போகாமல் அவர்களுக்காக நின்றார்கள்.

திரும்பும் வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இரண்டு பெண்கள் அங்கே நின்றார்கள். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார்கள். திருகோணமலைப் பக்கம் என்றதும், "அங்க கடல் இருக்குல்ல? நாங்க கடலையே பாத்ததில்லீங்க" என்றார் ஒருவர். இத்தனை பேர் பார்க்க வரும் சமவெளிக்குக்கூட அவர் ஒருமுறைதான், அதுவும் பாடசாலைக் காலத்தில் போயிருக்கிறார். லீவு எடுத்தால் அன்றைய பேர் போய்விடும் என்றார். எமது குழுத் தலைவி தன் தொலைபேசி இலக்கத்தை அவரிடம் எழுதிக் கொடுத்தார். கடல் பார்க்க வரும் நாளில் எங்கள் ஊரில் தங்க இடமும் சாப்பாடும் உண்டு என்று சொல்லிவிட்டு வந்தார்.

இந்தப் பயணத்தால் யாருடைய கடனும் தீரவில்லை. காணாமல் போனவர் எவரும் திரும்பி வரவில்லை. உளசமூகப் பணி செய்கின்ற நாம் அப்படியான பலனை எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த அட்டவணையை மறுபடியும் போட்டபோது, 'தனக்காக' என்ற நிரலில் எல்லோரிடமும் ஒன்றாவது இருந்தது. மூட்டை இல்லாமல், துரத்துவோர் இல்லாமல், போன வழியே வீடு திரும்பலாம் என்ற நிச்சயத்தோடு நடந்த நடை அது. பலருக்கு வாழ்நாளில் முதல் நடை.

உங்கள் சங்கமும் போக விரும்பினால் சில விடயங்களைக் கவனியுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. விடுமுறை நாட்களையும் போயா நாட்களையும் தவிர்த்தால் சன நெருக்கடி இராது. விடியற்காலையிலேயே நடையைத் தொடங்குங்கள். பத்து மணிக்குப் பிறகு மூடுபனி கூடும். பிடிமானமுள்ள சப்பாத்து, சுவெற்றர், தொப்பி, குடிதண்ணீர், வழமையாகக் குடிக்கும் மருந்து என்பன அவசியம். உணவை வாழையிலையிலோ பெட்டியிலோ கட்டுங்கள். மூட்டு வலி, இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் குளம் வரை மட்டும் போய்த் திரும்பலாம். அதுவும் முழுப் பயணம்தான். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா சூறாவளியும் மண்சரிவுகளும் மலையகத்தின் வீதிகளையும் புகையிரதப் பாதையையும் பெரிதும் சேதப்படுத்தின. ஆகவே புறப்படுமுன் வீதி நிலைமையையும் பூங்கா திறந்திருக்கிறதா என்பதையும் வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டறியுங்கள்.

மலைக்குப் போக வசதிப்படாதவர்கள் அருகிலுள்ள குளக்கட்டிலோ கடற்கரையிலோ தொடங்கலாம். சங்கத்தின் வருடாந்தத் திட்டத்தில் கோழி வளர்ப்புக்கும் தையலுக்கும் ஒரு வரி இருப்பது போல, சும்மா நடந்து வருவதற்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். ஏன் என்று யாராவது கேட்டால், எங்கள் குழுத் தலைவி சொன்ன பதிலே உங்களுக்கும் போதும்.